சிற்றூர்க் காவல் நிலையப் புள்ளிவிவரங்கள்: கிளியனூரை முன்வைத்து ஓர் ஆய்வு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது கிளியனூர். வானூர் வட்டத்தைச் சார்ந்த இவ்வூரில் தனிக் காவல் நிலையம் உண்டு. ஆயினும், இங்கே குற்றம் பெருகியுள்ளதா, குறைந்துள்ளதா என மாணவர் ஒருவர் வினவினால் விடையிறுப்பது எளிதன்று.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1986இல் நிறுவப்பெற்றது. அது வெளியிடும் ஆண்டறிக்கையில் பெருநகரங்களுக்குத் தனி அட்டவணைகள் உண்டு. சிற்றூர்களோ மாவட்டக் கணக்கினுள் மறைந்துவிடுகின்றன. அம்மாவட்டமும் நிலையாக நின்றதில்லை. தென்னார்க்காடு 1993இல் பிரிந்து விழுப்புரம் தோன்றியது. 2019இல் கள்ளக்குறிச்சி தனியே பிரிந்தது. 1992, 2002, 2022 ஆகிய ஆண்டுகளின் எண்களை ஒரே வரிசையில் வைப்பவர் மூன்று வெவ்வேறு நிலப்பரப்புகளையே ஒப்பிடுகின்றார்.

மதுவிலக்கு வழக்குகளைக் காண்போம். புதுச்சேரி எல்லை அருகிலிருப்பதால் அங்கிருந்து மது கடத்துவோர் இச்சாலைகளில் பிடிபடுவது வழக்கம். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயத்தால் பலர் மாண்டனர். இத்தகைய துயரத்திற்குப்பின் சோதனைகள் தீவிரமாகும், வழக்குகளும் பெருகும். அவ்வெண் கடத்தலின் அளவைக் காட்டுகிறதா, காவலரின் முனைப்பைக் காட்டுகிறதா? பெரும்பாலும் பின்னதே என்பது நம் கருத்து.

பதிவாகாதவற்றின் சிக்கல் இதனினும் பெரிது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் புலப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆகவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. நடைமுறையில் மனு ஏற்பு ரசீதோடு முடிந்துவிடும் புகார்கள் உள. ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்தவை அந்த ரசீதைக்கூடக் காண்பதில்லை. மேலும், ஒரே வழக்கில் கொலையும் கொள்ளையும் இருப்பின் ஆண்டறிக்கை கொலையை மட்டுமே எண்ணும்.

ஹதீஸ் கலையில் செய்தியை ஆராயுமுன் அதனை அறிவித்தோர் வரிசையாகிய இஸ்னாதை ஆராய்வர். காவல் நிலைய எண்ணுக்கும் அவ்வரிசை உண்டு: புகார் தந்தவர், அதனை எழுதியவர், பிரிவினை முடிவு செய்தவர், மாவட்டத்திற்குத் தொகுத்து அனுப்பியவர். ஆய்வு மாணவர் முதலில் வினவவேண்டியது இவ்வரிசையையே.

முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது. பாலியல் குற்றம் போன்ற நுண்ணியவற்றுக்கு விலக்களித்தது. இது ஆய்வாளர்க்குப் பெருந்துணை. ஆனால் சிற்றூரில் தெருவும் வயதும் தெரிந்தாலே ஆள் இன்னாரென ஊரார் அறிந்துகொள்வர். ஆதலின் தெருப்பெயரை நீக்கி, ஐந்தாண்டு எண்களை ஒருங்கே கூட்டிக் காட்டுவதே தக்கது. ஓராண்டில் ஒரு கொலை, மறு ஆண்டில் இரண்டு என்றால் ‘நூறு விழுக்காடு உயர்வு’ என எழுதும் விபரீதமும் இதனால் தவிரும்.