சிறு கூடு சொல்லும் கடற்கதை

மதுரையில் வளர்ந்த எனக்கு வைகை மணலே மணல். பாம்பன் கரையில் அள்ளி வந்த ஒரு பிடி மணலை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான், அதில் சங்குபோல் சுருண்ட நுண்ணிய கூடுகளும் இருக்கக் கண்டு வியந்தேன். இவை ஃபொராமினிஃபெரா என்னும் ஒருசெல் உயிரிகளின் கூடுகள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. பல சுண்ணாம்பாலும், சில மணல் துகள்களை ஒட்டியும் ஆனவை.

நான் ஆர்வத்தோடு எண்ணி, "இங்கு வாழும் இனங்கள்" எனத் தலைப்பிட்டேன். "இவற்றில் உயிருள்ளவை எத்தனை?" என்றார் ஆசிரியர். விடை தெரியாமல் விழித்தேன். மாதிரியை எடுத்தவுடன் ரோஸ் பெங்கால் சாயமிட்டிருக்க வேண்டும். கூட்டினுள் உயிர்ப்பொருள் இருப்பின் அது செந்நிறம் பெறும். நானோ இறந்தவற்றையும் இன்றைய குடிகளாக்கிவிட்டேன்!

எனினும் வெற்றுக் கூடுகள் வீணல்ல. நீரின் வெப்பம், உப்பு, உணவு, உயிர்வளி ஆகியவற்றிற்கேற்ப இனங்கள் மாறும். ஆகவே உயிருள்ளவை இன்றைய கடலையும், சேற்றடுக்கில் புதைந்தவை பண்டைய கடலையும் உரைக்கும்.

இதற்கு வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுகளில் நல்ல சான்று உண்டு. அங்குள்ள காங்ஸ்ஃபியோர்டன், பனியாறு குடைந்த நீண்ட கடற்கழி. அதன் கரையில் 2008இல் இந்தியா ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தைத் திறந்தது. 2014இல் இண்டார்க் என்னும் கருவித் தொகுதியை நீருக்குள் நிறுவியது. பனியாற்றருகே கலங்கிய குளிர்நீரில் காசிடுலினா ரெனிஃபோர்மே போன்ற இனங்கள் தழைக்கும். வெளிமுகத்தில் அட்லாண்டிக்கின் வெதுநீர் புகுவதால் வேறு இனங்கள் பெருகும். சேற்றை அடுக்கடுக்காக ஆராய்ந்தால், பனியாறு முன்னேறியதும் பின்வாங்கியதும் புலப்படும்.

கருவி பதிவது சில ஆண்டுகளையே; கூடு காப்பதோ பல்லாயிரம் ஆண்டுகளை. அக்கணக்கு பிழைபடாதிருக்க வேண்டுமாயின், இருப்பதையும் இறந்ததையும் பிரித்தறிய வேண்டும். பாம்பன் மணல் எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.