மின்சார மோட்டார்களிலும் ஸ்டார்ட்டர்களிலும் காணும் ஸி.ஈ. முத்திரை

ஆத்தூர்ப் பகுதியில் வசிஷ்ட நதியின் இரு கரைகளிலும், கல்வராயன் மலைக்கும் பச்சை மலைக்கும் இடைப்பட்ட மேட்டு நிலங்களிலும், மரவள்ளி, மஞ்சள், கரும்பு முதலிய பயிர்கள் பெரும்பாலும் கிணற்று நீரை நம்பியே விளைகின்றன. நீர்மட்டம் தாழுந்தோறும் மோட்டாரின் வேலை கடினமாகின்றது. கோடையில் ஒரு மோட்டார் கருகுமாயின், அதைப் பழுது பார்த்து மறுபடி இறக்குவதற்குள் பயிர் வாடிவிடும். ஆதலின் மின்சார யந்திரம் வாங்குவோர், விதையைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது போன்றே, யந்திரத்தின் பெயர்த்தகட்டையும் படித்துப் பார்த்து வாங்குதல் அவசியமாகும்.

இப்பொழுது கடைகளில் விற்கப்படும் ஸ்டார்ட்டர்கள், கட்டுப்பாட்டுப் பெட்டிகள், சில மோட்டார்கள் ஆகியவற்றின் மீது ஸி, ஈ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் வளைவான வடிவில் பொறிக்கப்பட்டுள்ளன. "இது ஐரோப்பிய சர்க்கார் பரீட்சித்துக் கொடுத்த சர்ட்டிபிகேட்" என்று விற்பனைக்காரர் சொல்வதுண்டு. அது சரியன்று. இம்முத்திரையின் உண்மைப் பொருளைக் குடியானவர்களும், ஊராட்சிக்காகக் குடிநீர் மோட்டார் வாங்க விலைப்புள்ளி கோரும் கிராம அலுவலர்களும் அறிந்திருத்தல் நலம்.

பிரெஞ்சு மொழியில் "ஐரோப்பிய விதிக்கு இணங்கியது" எனப் பொருள்படும் சொற்களின் முதலெழுத்துக்களே ஸி.ஈ. என்பர். சிலர் இதனைச் "சீன ஏற்றுமதி" என்பதன் சுருக்கம் எனக் கூறுவது ஆதாரமற்ற பேச்சு. தாழ்ந்த மின்னழுத்தமுள்ள மின்சாரச் சாமான்களைப் பற்றி ஐரோப்பிய நாடுகள் 1973-ஆம் ஆண்டிலேயே பொது விதி ஒன்றை ஏற்படுத்தின. இம்முத்திரை 1993-ஆம் ஆண்டின் விதியால் அச்சாமான்களுக்கும் விரிவாக்கப்பட்டு, 1997-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அவற்றுக்குக் கட்டாயமாயிற்று. தற்போது நடப்பது 2014-ஆம் ஆண்டின் விதி. மாறுமின்சாரத்தில் 50 வோல்ட் முதல் 1000 வோல்ட் வரை இயங்குபவை இதில் அடங்கும். ஆகவே நமது 415 வோல்ட் மோட்டார் போன்றதும் இவ்வெல்லைக்குள் வருவதேயாம்.

கவனிக்கத்தக்க செய்தி யாதெனில், இவ்விதிப்படி முத்திரையை இடுபவர் உற்பத்தியாளரே. அவர் தம் சரக்கைத் தாமே பரிசோதித்தோ, பரிசோதிப்பித்தோ, அதற்குரிய தொழில்நுட்பக் குறிப்புக்களைத் தொகுத்துப் பத்தாண்டுகள் பாதுகாத்து, "இது விதிக்கு இணங்கியது" என்று கையொப்பமிட்டு உறுதிமொழிப் பத்திரம் எழுதுகிறார். சாதாரண மோட்டாருக்கும் ஸ்டார்ட்டருக்கும் வெளியார் பரீட்சை கட்டாயமில்லை. வேறு சில வகைச் சாமான்களுக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற நிலையம் தலையிட வேண்டும். அந்நிலையம் உற்பத்திக் கட்டத்தில் தலையிட்டிருந்தால் அதன் நான்கு இலக்க எண் முத்திரைக்கு அருகில் இருக்கும். சாதாரண ஸ்டார்ட்டரின் மேல் அத்தகைய எண் காணப்படின், அது எதற்காக என்று கடைக்காரரைக் கேட்பதில் தவறில்லை.

இதனால் ஸி.ஈ. முத்திரை பயனற்றது எனக் கொள்ளலாகாது. ஐரோப்பாவில் பொய்யாக முத்திரையிட்டவரின் சரக்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்யவும், அவரைத் தண்டிக்கவும் அந்தந்த நாட்டு அதிகாரிகள் இருக்கின்றனர். அந்தச் சட்டத்தின் பலமே முத்திரையின் பலம். ஆத்தூர்க் கடைவீதியில் வந்து சோதிக்க ஐரோப்பிய அதிகாரி எவருமில்லை. கோயமுத்தூர் உற்பத்தியாளர் ஒருவர் ஐரோப்பாவுக்குப் பம்பு அனுப்பினால் அவருக்கு ஸி.ஈ. வேண்டும், அதே பம்பை நமக்கு விற்கும்போது அம்முத்திரைக்கு இந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை.

இந்நாட்டுச் சட்டம் அறிந்தது ஐ.எஸ்.ஐ. முத்திரையாகும். இந்தியத் தரநிர்ணயக் கழகம் 1947-ஆம் ஆண்டில் தோன்றியது. முத்திரை வழங்கும் சட்டம் 1952-இல் இயற்றப்பட்டது. 1987-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அப்பணியை இந்தியத் தர நிர்ணய அமைவனம் நடத்தி வருகின்றது. இங்கு நடைமுறை வேறு. லைசென்சு கேட்பவரின் தொழிற்சாலையை அமைவனத்தார் நேரில் பார்வையிட்டு, மாதிரிகளைப் பரிசோதனைச் சாலையில் சோதிக்கச் செய்து, பின்னரே லைசென்சு தருவர். அதன் பின்னும் தொழிற்சாலையிலிருந்தும் சந்தையிலிருந்தும் மாதிரி எடுப்பர். முத்திரையின் மேல் தரநிர்ணய எண்ணும், கீழே ஸி.எம்/எல் எனத் தொடங்கும் லைசென்சு எண்ணும் இருத்தல் வேண்டும். நீர்மூழ்கிப் பம்புசெட்டுக்கு ஐ.எஸ். 8034, மோனோபிளாக் பம்புக்கு ஐ.எஸ். 9079, திறந்த கிணற்று நீர்மூழ்கிக்கு ஐ.எஸ். 14220, பி.வி.ஸி. ஒயருக்கு ஐ.எஸ். 694 என எண்கள் வேறுபடும். பம்பின் மேல் ஒயரின் எண் அச்சிட்டிருந்தால் அம்முத்திரையை நம்பலாகாது. லைசென்சு எண்ணை "பி.ஐ.எஸ். கேர்" என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டால், யாருக்கு, எந்தச் சரக்குக்கு லைசென்சு வழங்கப்பட்டது, அது இன்னும் நடப்பில் உள்ளதா என்பவை தெரியவரும். கடையிலேயே நின்று இதைப் பார்த்துவிடலாம்.

இரு முத்திரைகளுக்கும் மற்றொரு பெரிய வேறுபாடு உண்டு. ஸி.ஈ. முத்திரை முதன்மையாகக் காப்பைப் பற்றியது. அஃதாவது அதிர்ச்சி, தீ முதலிய ஆபத்துக்கள் நேராதிருத்தல். எத்தனை அடி உயரத்துக்கு வினாடிக்கு எத்தனை லிட்டர் நீர் ஏறும் என்பதற்கு அது சாட்சியன்று. ஐ.எஸ். 8034 போன்ற தரநிர்ணயங்களோ, தகட்டில் குறித்த உயரம், நீரளவு, திறன் ஆகியவற்றையும் சோதிக்கின்றன. நமக்கு வேண்டியது இரண்டுமே.

தாழ்ந்த மின்னழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டாரின் சுழற்று விசை, மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 415 வோல்ட் 332 ஆக இறங்கினால் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு. விசையிலோ 100-க்கு 36 பங்கு போய்விடும். அவ்வேளையில் மோட்டார் மிகுந்த மின்சாரத்தை இழுத்துச் சூடேறும். ஐரோப்பிய நகரத்துச் சீரான மின்சாரத்தை எண்ணிச் செய்த கட்டுப்பாட்டுப் பெட்டி, நமது கிராமத்து லைனின் கடைசிக் கம்பத்தில் என்ன பாடுபடும் என்பதை வாங்குவோரே யோசிக்க வேண்டும். பழக்கமான பெயரும், அருகில் பழுது பார்க்கும் ஆளும் உள்ள சரக்கே மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஊராட்சிக்கு வாங்குவோர் விலைப்புள்ளி கோரும்போதே தரநிர்ணய எண்ணையும் நடப்பிலுள்ள லைசென்சையும் நிபந்தனையாக எழுதிவிட வேண்டும். "ஸி.ஈ. அல்லது ஐ.எஸ்.ஐ." என்று எழுதுதல் கூடாது, அவ்வாறு எழுதினால் மலிவான சரக்குக்குக் கதவு திறந்து விட்டதாகும். ஸி.ஈ. இருப்பதாகக் கூறும் கடைக்காரரிடம் உற்பத்தியாளரின் உறுதிமொழிப் பத்திரத்தைக் கேட்கலாம். அதில் உற்பத்தியாளர் பெயர், விலாசம், சரக்கின் மாதிரி, பின்பற்றிய விதிகள் ஆகியவை இருக்க வேண்டும். வேறொரு தனியார் நிறுவனம் அழகிய தாளில் அச்சிட்டுத் தந்த சர்ட்டிபிகேட் அப்பத்திரத்துக்கு ஈடாகாது. மானியத்தில் பம்புசெட் பெற விரும்புவோர், முன்னரே வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பதை விடுத்து, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் நிபந்தனைகளை விசாரித்துக் கொள்க.

எந்த முத்திரையும் நில இணைப்புக்குப் பதிலாகாது. ஈரமான மோட்டார் கொட்டகையில் எர்த் கம்பி அறுந்திருந்தால், எத்தரத்து ஸ்டார்ட்டரும் உயிரைக் காக்காது.

மோட்டாரை மறுபடி காயில் கட்டக் கொடுக்கும்போது பெயர்த்தகட்டைக் கழற்றிப் பில்லுடன் வீட்டில் வைத்துக்கொள்ளல் வேண்டும். தகட்டிலுள்ள முத்திரை தொழிற்சாலையில் கட்டிய காயிலைப் பற்றியது. புதிதாகக் கட்டிய கம்பியின் கனத்தையும் சுற்றுக்களின் எண்ணிக்கையையும் கட்டுபவரிடம் தனியே எழுதி வாங்க வேண்டும்.