குரல் பொய், கேட்பது மெய்

யாரும் பேசாத வேளையில் ஒருவருக்கு மட்டும் குரல் கேட்கிறது. அது அவரை ஏசுகிறது, அச்சுறுத்துகிறது, சில நேரம் கட்டளையும் இடுகிறது. வீட்டாருள் சிலர் இதை நடிப்பு என்பர். சிலர் பேய் பிடித்தது என்பர். உண்மையில் இது மூளையின் இயக்கத்தில் நேரும் மாற்றத்தின் விளைவு.

நாம் அனைவரும் மனத்துக்குள் பேசிக்கொள்கிறோம். அப்பேச்சு தன்னுடையதே என்பதை மூளை இயல்பாக அறிந்துகொள்கிறது. மனச்சிதைவு நோயில் இந்த அறிதல் தவறுவதால், தன் எண்ணமே பிறர் குரலாக ஒலிக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. குரல் கேட்கும்போது எடுத்த மூளைப் படங்களில், பேச்சை உருவாக்கும் பகுதியும் ஒலியை உணரும் பகுதியும் இயங்குவது காணப்பட்டுள்ளது. எனவே குரல் வெளியில் இல்லை. நோயாளி அதைக் கேட்பதோ உண்மை.

எதைக் கவனிக்க வேண்டும் என்று மூளைக்கு உணர்த்தும் டோபமைன் என்னும் வேதிப்பொருளுக்கும் இதில் பங்குண்டு. அதன் செயல் மிகும்போது, தெருவில் இருவர் சிரித்தாலும் தன்னைப் பற்றியே சிரிக்கிறார்கள் என்று தோன்றும். நாளடைவில் அது அசையாத நம்பிக்கையாகிவிடும். 1952-இல் பாரிஸில் மனநோய்க்குத் தரப்பட்ட குளோர்புரோமசின் முதல் இன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை டோபமைனின் செயலைத் தணித்தே பலன் தருகின்றன.

நோயை நோயென்று கருதாமல் கட்டிவைத்ததன் கொடுமையைத் தென் தமிழகம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். சங்கிலி காலைக் கட்டும், குரலைக் கட்டாது. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ தேவாலயத்துக்கோ செல்வதை நிறுத்த வேண்டியதில்லை. அதற்காக மருந்தை நிறுத்தலாகாது.

குரல் கேட்பதெல்லாம் மனச்சிதைவு அன்று. கடுங்காய்ச்சல், வலிப்பு நோய், முதியோரின் இரத்தத்தில் உப்புக் குறைவு ஆகியவற்றாலும் இல்லாதவை தோன்றலாம். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்திய சில நாள்களில் கைந்நடுக்கத்தோடு பிதற்றினால் அது உயிருக்கே ஆபத்தானது. ஆகவே முதலில் மருத்துவப் பரிசோதனை தேவை.

வீட்டார் செய்யத்தக்கவை:

• வாதிடாதீர்கள், ஆமோதிக்கவும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை, ராசா. ஆனால் உனக்குக் கேட்கிறது, பயமாயிருக்கிறது என்பது புரிகிறது" என்று சொல்லலாம்.

• மருந்து முழுப்பலன் தரச் சில வாரங்கள் ஆகலாம். குணம் தெரிந்ததும் தாமாக நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். நடுக்கம், உடல் இறுக்கம், மிகுதூக்கம், எடை கூடுதல் இருப்பின் மருத்துவரிடம் கூறுங்கள். அளவையோ மருந்தையோ மாற்ற இயலும்.

• தன்னையோ பிறரையோ தாக்கும்படி குரல் ஏவினால், நோயாளியைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

ராதாபுரம் வட்டாரத்தினர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். 14416 என்னும் இலவச எண்ணில் டெலி மானஸ் சேவை இரவும் பகலும் தமிழில் ஆலோசனை தருகிறது. சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ, நோயாளி தம் படிப்புக்கும் தொழிலுக்கும் திரும்பும் வாய்ப்பு அவ்வளவு மிகுதி.