அடிக்கடி வரும் சுவாச நோய்

டில்லியில் பனிக்காலத்து இருமலுக்குப் புகைமூட்டத்தையே காரணங்காட்டுவர். பெரும்பாலும் அது சரியே. ஆனால் நிமோனியாவும் சைனஸ் அழற்சியும் ஆண்டுதோறும் ஒருவரையே பற்றுமாயின், அவரது இரத்தத்தையும் சோதித்தல் வேண்டும். நீரிழிவும் எச்.ஐ.வி.யும் இல்லையெனத் தெளிந்தபின், கிருமிகளை எதிர்க்கும் இம்யுனோகுளோபுலின் என்னும் புரதத்தின் அளவை அறிதல் தகும். இப்புரதம் குறைந்த 8 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி அமெரிக்க மருத்துவர் புரூட்டன் 1952-இல் எழுதினார். அதனாற்போலும், இது குழந்தைகளின் நோய் என்றே பலர் எண்ணுகின்றனர். இதன் ஒருவகை 20 வயதுக்குப் பின்னரும் தலைகாட்டும். சோதனை தாமதித்தால், மீண்டும் மீண்டும் புண்பட்ட மூச்சுக்குழாய்கள் விரிந்து நிலைத்துவிடும். பின்னர் அவற்றைப் பழைய நிலைக்குக் கொணர்தல் அரிது. கொடையாளர் இரத்தத்திலிருந்து பிரித்த இப்புரதத்தை உடலில் ஏற்றுவதே சிகிச்சை. ஏற்றியதில் பாதி சுமார் 21 நாளில் சிதைவதால், சிரைவழி ஏற்றுவோர்க்கு மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை, பெரும்பாலும் ஆயுள் முழுதும், அது தேவைப்படும். செலவும் மிகுதி.