மழைக்கால அரிப்பு: ஈஸ்னோபில் எண்ணோடு நிற்காதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் உடம்பு அரித்து, ரத்தம் பார்த்து, தாளில் ஈஸ்னோபில் கூடியிருந்தால் அதையே நோயின் பெயராக்கி மாத்திரை கேட்பது நம் பக்கத்து வழக்கம். ஈஸ்னோபில் ஒரு வகை வெள்ளணு. ஒவ்வாமை, புழு, சில மருந்துகள் எதனாலும் பெருகும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குள் இருந்தால் இயல்பு. 1,500-ஐத் தாண்டி நீடித்தால் இதயம், நுரையீரல் வரை சோதிக்க வேண்டும். இடைப்பட்ட எண்ணுக்குக் காரணத்தைத் தோலில் தேடுங்கள்.

கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக்காரர்கள் முதலில் பாதத்தைப் பார்க்கவேண்டும். நாய், பூனைக் கழிவிலிருந்து வரும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் ஆற்றங்கரையின் ஈரமணலில் உயிரோடிருக்கும். வெறுங்காலில் ஏறினால் தோலுக்கடியில் நெளிநெளியாகச் சிவந்த கோடு தெரியும், நாளுக்கு நாள் நீளும், இரவில் தூங்கவிடாது. கீறாதீர்கள், சுடாதீர்கள். டாக்டர் தரும் அல்பெண்டசோல் அல்லது ஐவர்மெக்டினில் அடங்கிவிடும். மணலில் விளையாடும் பிள்ளைகளுக்குச் செருப்பு போடுங்கள். நடவு வயலில் செருப்பு நிற்காதுதான். வரப்பிலும் ஒதுங்கும் இடத்திலுமாவது போடலாமே.

விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பில் இரவரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை என்றால் பெரும்பாலும் சிரங்கு. 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே முழுக்கப் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். அரிப்பில்லாதவரும் உட்பட வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் பூசாவிட்டால் பயனில்லை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டுப் பூசுங்கள்.

தடித்துத் தடித்து மறையும் காணாக்கடி பெரும்பாலும் தானே போய்விடும். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ 108-ஐ அழையுங்கள்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த ட்யூப் வேண்டவே வேண்டாம். அரிப்பை அமுக்கிச் சிரங்கை மறைத்துவிடும். குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு இருப்பவருக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ உயிருக்கே ஆபத்தாகலாம்.

வலிப்புக்கோ யூரிக் அமிலத்துக்கோ புதிதாக மாத்திரை தொடங்கி 2 முதல் 8 வாரத்துக்குள் காய்ச்சல், முகவீக்கம், உடம்பெங்கும் சிவப்பு வந்தால், அது மருந்தின் கோளாறாக இருக்கலாம், கல்லீரலையும் தாக்கும். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போக மறக்காதீர்கள்.