கழித்த பீடிக்குக் கூலி உண்டா?

மேலப்பாளையத்திலிருந்து சகோதரி ஒருவர் கேட்டனுப்பிய மஸ்அலா இது: “ஆயிரம் பீடி சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று கடைக்காரர் ஐம்பது அறுபதைக் கழிக்கிறார். அதற்குக் கூலியில்லை. கழித்த பீடியைத் திருப்பித் தருவதுமில்லை. இது அவருக்கு ஹலாலா?”

நம் சமுதாயத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது, தட்டை மடியில் வைத்துக் குனிந்திருக்கும் இப்பெண்களால்தான். வீட்டிலிருந்தபடியே கிடைக்கும் சம்பாத்தியம் என்று ஆண்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அவர்களின் முதுகுவலியைக் கேட்பார் இல்லை. (பீடி புகைப்பதன் சட்டம் வேறு. இங்கே பேச்சு கூலியைப் பற்றியது.)

இலையும் தூளும் கடைக்காரருடையவை, உழைப்பு சகோதரியுடையது. ஷரீஅத்தில் இதற்கு இஜாரா என்று பெயர். ஹனஃபி ஃபிக்ஹு கிதாபுகளில் தையற்காரர் மஸ்அலா ஒன்று உண்டு. சட்டை தைக்கச் சொல்லித் துணி கொடுத்தார் ஒருவர். தையற்காரரோ அங்கியாகத் தைத்துவிட்டார். துணிக்காரருக்கு இரண்டு வழி. தைத்ததை அவரிடமே விட்டுத் துணியின் விலையை வாங்கிக்கொள்ளலாம். அல்லது தைத்ததை எடுத்துக்கொண்டு, அவ்வேலைக்குத் தகுந்த கூலியை, பேசிய தொகைக்கு மேற்படாமல் கொடுக்கவேண்டும். பொருளையும் எடுத்துக்கொண்டு கூலியையும் மறுக்கும் மூன்றாம் வழி கிதாபில் இல்லை!

ஆகவே பீடி மெய்யாகவே மோசமென்றால் அதைச் சகோதரியிடமே கொடுத்துவிட்டு, இலைக்கும் தூளுக்கும் விலை கேட்கட்டும். கடையிலேயே வைத்துக்கொண்டால் கூலி கடமை.

இலை விஷயம் இன்னும் மோசம். நிறுத்துக் கொடுக்கும்போது குறைகிறது. எண்ணி வாங்கும்போது ஆயிரமும் முழுசாக வேண்டும். குறைந்த இலையைச் சகோதரி கைக்காசு போட்டு வாங்கிச் சேர்க்கிறார். வாங்கும்போது நிறைத்து வாங்கிக் கொடுக்கும்போது குறைப்பவர்களுக்கல்லவா சூரத்துல் முதஃப்பிஃபீனின் தொடக்கத்தில் அல்லாஹ் கேட்டை அறிவிக்கிறான்? அது அரிசிக் கடைக்கு மட்டும் இறங்கிய ஆயத்தென்று இருந்துவிட்டோம். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ், ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது.

1948-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 23-வது பிரிவு, மனித கண்ணியத்துக்கேற்ற ஊதியத்தை உரிமை என்றது. நம் நாட்டில் 1966-ல் இயற்றப்பட்ட பீடித் தொழிலாளர் சட்டமோ, கழித்த பீடியின் கூலித் தகராறைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருந்தது. அந்த அளவுக்கு இது பழைய வழக்கு.

“அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லையே, பொருந்திக்கொண்டார்” என்பார் கடைக்காரர். நாளை இலை கிடைக்காதே என்ற பயத்தில் மூடிய வாய் பொருத்தமாகாது. மனமொப்பித் தந்தாலன்றிப் பிறர் பொருள் நமக்கு ஆகாது. சகோதரி தாராளமாகக் கேட்கலாம். உரிமையைக் கேட்பது ஸப்ருக்கு மாறானதல்ல.

சிலர் ரமளானில் இதே பெண்களுக்குச் சேலை கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஸதகா கொடுத்துக் கூலிக்கடனை அடைக்க முடியாது. கழித்த கணக்கு நோட்டில் இருக்கிறது. கூட்டிப் பார்த்து, கூலியென்று சொல்லியே கொடுக்கவேண்டும். சுற்றியவர் மவுத்தாகியிருந்தால் அவருடைய வாரிசுகளிடம்.