பாறையை விடாத மீன்

கந்தக பூமி என்று பெயரெடுத்த நம் மாவட்டத்தில் மீனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழியர் சிலர் கேட்கலாம். மேற்கே திரும்பிப் பாருங்கள். மலையில் மழை பெய்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே செண்பகத்தோப்பிலும், ராஜபாளையத்தை அடுத்த அய்யனார் கோவில் ஆற்றிலும் தண்ணீர் பாறைகளில் மோதிப் பாய்கிறது. ஆளையே இழுத்துச் செல்லும் இத்தகைய வெள்ளத்தில் ஒரு சாணுக்கும் குறைவான மீன் எவ்வாறு நிலைத்து நிற்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் 'கர்ரா முல்யா' கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தக்காணத்து மீன்களை ஆராய்ந்த சைக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1839-ல் இதை விவரித்தார். இதன் வாய் தலையின் அடிப்பக்கத்தில் உள்ளது. கீழுதட்டுக்குப் பின்னால் வட்டமான சதைத் தட்டு ஒன்று இருக்கிறது. மீன் அதைப் பாறைமேல் அழுத்தி நடுப்பகுதியை உள்ளிழுக்கிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளியிலுள்ள நீர் மீனைப் பாறையோடு சேர்த்து அழுத்துகிறது. குளியலறைச் சுவரில் ஒட்டும் ரப்பர்க் கிண்ணம் நிற்பதும் இப்படித்தான். அறிவியல் பாடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த விதியை இந்த மீன் படிக்காமலே கடைப்பிடிக்கிறது!

மேலும், பாறையை ஒட்டிய மெல்லிய நீரடுக்கில் வேகம் குறைவு. தட்டையான வயிற்றுடன் துடுப்புகளை விரித்து அங்கேயே பதுங்கிப் பாசியைச் சுரண்டித் தின்கிறது. மிதக்க உதவும் காற்றுப்பையும் இதற்குச் சிறியதே. நகரங்களில் காசு வாங்கிக்கொண்டு கால் தோலைக் கடிக்க விடுகிறார்களே, அந்தத் துருக்கி மீன் இதன் உறவுதான்.

இத்தகைய மீன்களின் ஒட்டும் உறுப்புகளைப் பற்றி நம் நாட்டு விலங்கியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா எழுதிய நீண்ட கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டி 1930-ல் வெளியிட்டது.

வெள்ளத்தை வெல்லும் இந்த மீனுக்குக் கோடைதான் ஆபத்து. ஓடை வற்றியதும் எஞ்சிய மடுக்களில் மீன்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அங்கே பிளீச்சிங் பவுடர் கொட்டினாலோ வெடி போட்டாலோ குஞ்சும் தப்பாது. வெடித் தொழில் நம்மில் பலர் வீட்டில் அடுப்பெரிய வைக்கிறது. ஆயினும் வெடியை நீரில் போடுவது வேறு. ஒலி காற்றைவிட நீரில் நான்கு மடங்கு வேகமாகச் செல்லும். அதிர்ச்சியும் அப்படியே பரவும். வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. அந்த மடுவில் பிழைத்திருப்பவைதாம் அடுத்த மழைக்கு ஓடை முழுவதும் பரவ வேண்டும்.